சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்

அக்டோபர் 3

அன்புள்ள அமுக்குணிக்கு,

இந்த வாரம் உன் கையிலிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, உன் கம்பெனி எல்லாப் பங்குதாரர்களுக்கும் அனுப்பியது. கீழே கையெழுத்து உங்கள் முதலாளியம்மாவுடையது; எழுதியது யார் என்று எனக்குத் தெரியாதா? இன்னொன்று, நீயே எனக்கு எழுதியது. இரண்டையும் க்ளினிக் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டிலும் விஷயம் இல்லை. அது ஒன்றுதான் ஒற்றுமை.

'சவாலான சூழலிலும் எச்சரிக்கை கலந்த நம்பிக்கையுடன் முன்னேறுகிறோம்' என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் என்னடா? நம்பிக்கையா, பயமா? எங்கள் தெருமுனையில் பாதி கட்டிய கட்டடம் ஒன்று வருடத் தொடக்கத்திலிருந்து அப்படியே நிற்கிறது. லிஃப்டுக்காக விட்ட குழியில் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஊர் முழுக்க இந்தக் கதைதான். லிஃப்ட் செய்து விற்கிற கம்பெனி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதை விட்டுவிட்டு, யாரும் கேட்காமலே 'கவலைப்படக் காரணம் எதுவும் இல்லை' என்று ஒரு வரி. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதை.

உன் சொந்தக் கடிதம் அதைவிட மோசம். 'அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கு வெளியாகும்வரை வாய்ப்பூட்டு வாரங்கள். போன் செய்யாதே. நலம்.' அவ்வளவுதான். கம்பெனி விஷயம் பேசக்கூடாது என்றால் பேசாதே. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குமா பூட்டு?

நீ அங்கே வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்தப் பங்குகளை வாங்கினேன். லாபம் பார்த்து வாங்கவில்லை. என் தம்பியை ஓர் இடம் நம்பியிருக்கிறது, அந்த இடத்தை நாம் நம்ப வேண்டாமா என்று வாங்கினேன். அதோடு விட்டேனா? பல் பார்க்க என் நாற்காலியில் சாய்ந்தவர்களிடம் எல்லாம் உங்கள் கம்பெனிப் பெருமையை அளந்தேன். வாயில் பஞ்சோடு இருப்பவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் பார். சிலர் வாங்கியும் விட்டார்கள். கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கினார். மாடியில் தையல் கடை வைத்திருக்கிற அம்மாவும் வாங்கினார். இப்போது பல் வலி இல்லாமலே வருகிறார்கள். "உங்க தம்பி என்ன சொல்றாரு டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

ஊரையெல்லாம் வாய் திறக்க வைக்கிறேன். என் தம்பி வாயை மட்டும் திறக்க முடியவில்லை.

உன் அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பூட்டை நான் செய்யவில்லை. கணக்கு முடித்து எல்லோருக்கும் வெளியிடும்வரை, உள்ளே இருக்கிற யாரும் வெளியே இருக்கிற எவர் காதிலும் தனியாக எதையும் போடக்கூடாது. ஒருவருக்கு முதலில் தெரிந்து, அவர் முதலில் விற்று, மற்றவர்கள் ஏமாந்து நிற்கக்கூடாது அல்லவா? நியாயமான விதிதான். இந்த வாரங்களில் நானும் விற்கக்கூடாது, நீயும் விற்கக்கூடாது. அதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன்.

கடிதம் மட்டும் ஏன் என்று கேட்பாய். உன்னிடம் போனில் பேசினால் நான் 'ஹலோ' சொல்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறாய். போன தடவை மெசேஜ் அனுப்பத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். அதைப் பார்த்துவிட்டே 'என்னடா மென்று முழுங்குகிறாய்' என்று கேட்டவள் நீ. காகிதத்தில் என் குரலும் இல்லை, என் முகமும் இல்லை. உனக்குத் துப்பறிய இடமில்லை.

என் வாக்கியங்களைக் கிண்டல் செய்திருக்கிறாய். அவை என் வாக்கியங்கள் இல்லை அக்கா. நான் எழுதிக் கொடுப்பது ஒன்று. சட்டம் பார்ப்பவர், கணக்குப் பார்ப்பவர், முதலாளியம்மா என்று மூன்று மேசை ஏறி இறங்கி வரும்போது வேறொன்று. ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் பூசுவார்கள், கொஞ்சம் மெழுகுவார்கள். கடைசியில் என் வரியை எனக்கே அடையாளம் தெரியாது.

அதை விடு. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து குனிந்து வேலை பார்க்காதே, உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிக்கொள். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? மாடியில் நீ வைத்த செம்பருத்தி பூக்கிறதா? குட்டி பரீட்சைக்குப் படிக்கிறாளா, இல்லை மொபைலே கதியா? முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். முதுகை மறந்துவிடாதே.

அன்புடன்,
தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

என் முதுகை மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறாய். செம்பருத்தியை விசாரித்திருக்கிறாய்! அந்தச் செடி நான் வைத்ததா, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனதா என்றுகூட உனக்குத் தெரியாது. நீ நன்றாக இருக்கும்போது எங்களைக் கிண்டல்தான் செய்வாய். ஏதாவது முழுகப்போகிற நேரத்தில்தான் உனக்குப் பாசம் பொத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் முன்னேற்ற அறிக்கை வாங்கி வருகிற நாளில் வாசலிலேயே என் புத்தகப் பையைத் தூக்கிக்கொள்ள வருவாயே, அதே ஆள்தான் நீ.

கம்பெனி முழுகுகிறது. சரிதானே? சொல்ல வேண்டாம். தெரிந்துகொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடிதம் மேசையில் கிடந்தபோதே கணக்கு வாத்தியார் வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் வழக்கம்போல் "தம்பி எழுதினாரா டாக்டர்?" என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை. "வாயத் திறங்க சார்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் என் முகத்தை என்ன செய்வது? அவருக்கு நேர் மேலே விளக்கு வெளிச்சத்தில் இருப்பது என் முகம்தானே. மறுநாள் காலையில் பாதிப் பங்குகளை விற்றுவிட்டார். நஷ்டத்தில். "உங்க மூஞ்சியப் பாத்தேன் டாக்டர், போதும்" என்று போனில் சொல்கிறார்.

நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா? உன் வேலைக்கு ஆபத்தா?

அக்கா


அக்டோபர் 18

அக்கா,

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஆனால் தலையை அசைக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பல் வலி.

கீழ் வரிசையில், வலது பக்கம், கடைசிக்கு முந்தியது. கன்னம் வீங்கி, கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ போல இருக்கிறேன். நான்கு வாரமாக வலிக்கிறது. உன்னிடம் சொன்னால் 'போன வருஷமே வந்து காட்டச் சொன்னேனே' என்று தொடங்குவாய், அதோடு 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லி நாற்காலியில் உட்கார வைப்பாய். அந்தப் பயத்தில்தான் உன் முதுகையும் செம்பருத்தியையும் விசாரித்தேன். குற்ற உணர்ச்சி அக்கா, வேறொன்றுமில்லை. அந்தக் கடிதம் எழுதிய அன்று கம்பெனி எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கணக்கு என் மேசைக்கு வந்திருக்கவில்லை.

என் கடைவாய்ப் பல்லைப் பார்த்து ஒரு மனிதர் பங்கு விற்றிருக்கிறார்! இதைச் சட்டம் பார்ப்பவரிடம் போய் நடந்தது நடந்தபடி சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்தார். "பல் வலிக்கெல்லாம் சட்டத்துல எடமில்லப்பா. ஆனா இனிமே அக்காவுக்கு எழுதாதே" என்றார்.

அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது. நீ நான் எழுதியதைப் படிப்பதில்லை, எழுதாததைத்தான் படிக்கிறாய். கணக்கு நேற்று என் மேசைக்கு வந்துவிட்டது. அதனால் இனி நான் எது எழுதினாலும், எழுதாமல் விட்டாலும், உனக்கு ஏதோ ஒன்று தெரிந்துவிடும். கணக்கு வெளியாகும்வரை கடிதமும் வேண்டாம் அக்கா. நீயும் எழுதாதே. எழுதினால் பதில் போடத் தோன்றும்.

வாத்தியாரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 22

வெதுவெதுப்பான நீரில் உப்புப் போட்டு வாய் கொப்பளி. அந்தப் பக்கம் கடிக்காதே. வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ அன்றே அங்கிருக்கிற டாக்டரிடம் போ. எனக்காகக் காத்திருக்காதே.

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, மருந்துச் சீட்டு.

உன் அத்தானின் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு இருந்தது நீதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வேறு யாரோ போலிருக்கிறது.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அமுக்குணிக்கு,

நீ பதில் போட வேண்டாம். நான் எழுதாமல் இருக்க முடியாது. உன்னிடம் எதையும் கேட்கப் போவதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்லப் போகிறேன், அவ்வளவுதான்.

நேற்று எங்கள் கட்டட லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். உங்கள் கம்பெனி லிஃப்ட்தான். நான் சிபாரிசு செய்து போட்டது. உள்ளே நானும் ஒருவரும். யார் அந்த ஒருவர்? கணக்கு வாத்தியார். பாதிப் பங்கை விற்றதிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்த்தால் செருப்பைப் பார்க்கிறேன். இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு குலுக்கல். விளக்கு மங்கியது. நின்றுவிட்டது.

வாத்தியார் முதலில் எல்லா பட்டனையும் அழுத்தினார். பிறகு கதவு இடுக்கில் விரலை விட்டு நெம்பத் தொடங்கினார். "சார், வேணாம் சார்" என்றேன். "யாரும் வரப்போறதில்ல டாக்டர், நம்மள நாமதான் பாத்துக்கணும்" என்றார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கும்தான். மணி பொத்தானை அழுத்தினேன்.

ஒரு பெண் குரல் வந்தது. நான் மறப்பதற்குள் அப்படியே எழுதுகிறேன்.

"நான் பேசறது கேக்குதா? உள்ள எத்தன பேர் இருக்கீங்க? யாருக்காவது அடிபட்டிருக்கா? சரி. லிஃப்ட் நின்னிருக்கு, அது எனக்கு இங்க தெரியுது. ஏன் நின்னுதுன்னு தெரியல. அது கீழ விழாது, அது மட்டும் நிச்சயமாத் தெரியும். மெக்கானிக் கிளம்பிட்டாரு, எப்ப வந்து சேருவாருன்னு இப்ப தெரியல. கதவ நீங்களா திறக்கப் பாக்காதீங்க. பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க என்னைக் கூப்பிட வேணாம். அஞ்சு நிமிஷத்துல நானே பேசுவேன். சொல்ல ஒண்ணும் இல்லன்னாலும் பேசுவேன்."

வாத்தியார் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். சொன்னபடி அந்தக் குரல் மறுபடி வந்தது. "புதுசா ஒண்ணும் தெரியல சார். நான் இங்கதான் இருக்கேன். மறுபடி அஞ்சு நிமிஷத்துல பேசறேன்." மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே இல்லை என்றுதான் சொன்னது. ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு மூச்சு சீரானது. நடுவில் வாத்தியார் தன் பேரன் கணக்கில் தோற்ற கதையைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார்.

நான் ஏன் அழுதேன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

அந்த வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன். உன் அத்தானை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். வராந்தாவில் நான் ஒரு பெஞ்சில். நீ கவுண்டருக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டே இருந்தாய். ஒவ்வொரு தடவையும் வந்து, "ஒண்ணும் தெரியல அக்கா. மறுபடி போய் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாய். மற்றவர்கள் எல்லோரும் 'கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்றார்கள். அவர்கள் ஒருவரையும் நான் நம்பவில்லை. ஒன்றும் தெரியாது என்று சொன்ன உன்னைப் பிடித்துக்கொண்டுதான் அன்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியில் நீ முதலில் பார்த்தது, லிஃப்டில் மாட்டியவர்கள் மணி அடித்தால் பதில் பேசுகிற மணி மேசை வேலை என்று தெரியும். அங்கே பேசுகிறவர்களுக்கு என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நீதான் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? உன் வரியை உனக்கே அடையாளம் தெரியாது என்றாய். எனக்கு இருட்டிலும் தெரிந்தது.

அடேய், நாங்கள் எல்லோரும் இப்போது லிஃப்டுக்குள்தான் இருக்கிறோம். நான், வாத்தியார், தையல்கார அம்மா, எங்களைப் போல இன்னும் யார் யாரோ. உங்கள் கம்பெனியிலிருந்து வருகிற குரல் 'எச்சரிக்கை கலந்த நம்பிக்கை' என்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் சத்தமே இல்லை. நாங்கள் கதவை நெம்பாமல் என்ன செய்வோம்?

பதில் வேண்டாம்.

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். கணக்கும் கடிதமும் இன்று காலை எல்லோருக்கும் போய்விட்டன. அதனால் இப்போது இதைத் தபாலில் போடலாம்.

உன் கடிதம் வந்த அன்று, அதில் அந்தப் பெண் பேசிய பகுதியை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போனேன். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. இந்த வருடம் அவர் சம்பளம் எடுக்கவில்லை என்பது வெளியே தெரியாது. அவர் தாளைப் படித்தார். "இது லிஃப்ட்ல மாட்டினவங்களுக்குப் பேசறது. ஷேர் வாங்கினவங்களுக்கு இப்படி எழுத முடியுமா? தெரியாதுன்னு சொன்னா அத்தன பேரும் விழுந்தடிச்சு ஓடுவாங்க" என்றார்.

"மேடம், லிஃப்ட் நின்னு யாருக்கும் நம்ம கம்பெனியில அடிபட்டதில்ல. யாரும் பேசாம விட்டப்ப கதவ நெம்பி விரல நசுக்கிக்கிட்டவங்கதான் உண்டு" என்றேன்.

நான் எழுதிக் கொடுத்த பங்குதாரர் கடிதத்தில் அவர் 'தெரியாது' என்ற சொல்லை அடித்து 'கணிப்பது கடினம்' என்று போட்டு அனுப்பினார். நான் மறுபடி 'தெரியாது' என்று எழுதி அனுப்பினேன். 'தெளிவற்ற சூழல் நிலவுகிறது' என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். கன்னம் வீங்கியிருந்ததால் என் முகம் ரொம்பப் பிடிவாதமாகத் தெரிந்திருக்க வேண்டும். "உனக்கு வேலை வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். அன்று வீட்டுக்கு வந்து, மறுபடி வேலை தேடுவதற்கான தாள்களை எடுத்து ஒழுங்குபடுத்தி வைத்தேன். பயமாகத்தான் இருந்தது அக்கா. இந்த நேரத்தில் எவன் வேலை கொடுப்பான்?

அடுத்த நாள் மத்தியானம் அவரைக் காணோம். தேடினால், கீழ்த்தளத்தில் மணி மேசையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கோ ஒரு லிஃப்டில் ஒரு தாயும் கைக்குழந்தையும். மேசைப் பெண் பேசப் பேச இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது என்று செய்தி வரும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு என் மேசைக்கு வந்து, கடிதத்தை வாங்கி, தன் பேனாவாலேயே 'தெரியாது' என்று எழுதினார். எழுதிவிட்டு, "விலை விழுந்தா உன் தலையிலதான் விழும்" என்றார்.

"பக்கத்துலயே நிப்பேன் மேடம்" என்றேன்.

விழப்போகிறது. அது எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற நேரம் உனக்கும் தெரிந்திருக்கும்.

ஆமாம், அந்த வார்த்தைகள் அன்று வராந்தாவில் உன்னிடம் சொன்னவைதான். மணி மேசைக்கு எழுதச் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. உன்னிடம் சொன்னால் அழுவாய் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அழுதிருக்கிறாய், என்ன செய்ய.

அமுக்குணி


நவம்பர் 19

என் தங்கமே,

கம்பெனிக் கடிதத்தைக் காத்திருப்போர் அறையில் சத்தமாகப் படித்தேன். நோயாளிகள் வலியை மறந்து கேட்டார்கள். முழுதும் மனப்பாடமாகிவிட்டது.

'எங்களிடம் லிஃப்டுக்குச் சொல்லி வைத்திருந்த கட்டடங்களில் பாதிக்கு மேல் வேலை நின்றிருக்கிறது. அவை எப்போது மறுபடி தொடங்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டுகளைப் பராமரிக்கும் வேலை நிற்கவில்லை. எல்லோருடைய சம்பளமும் இப்போது அதிலிருந்து வருகிறது. இந்த ஆண்டு உங்களுக்கு லாபத்தில் பங்கு கொடுக்க இயலாது. இனி ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உங்கள் எல்லோருக்கும் எழுதுவோம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுவோம்.'

வாத்தியார் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரலை வைத்து வைத்துப் படித்தார். "தெரியாதுன்னு எழுதியிருக்காங்களே டாக்டர்! என் சர்வீஸ்ல ஒரு பையனும் இப்படி எழுதினதில்ல. தெரியலன்னாதான் பக்கம் பக்கமா எழுதுவானுங்க" என்றார். மீதிப் பாதியை வைத்திருக்கப் போகிறாராம். முதல் பாதிக்காக உன் கடைவாய்ப் பல்லை இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன்.

தையல்கார அம்மா எல்லாவற்றையும் விற்றுவிட்டார். "உங்களுக்கே தெரியாதுன்னா நான் எத நம்பி வெச்சிருக்கறது? பொண்ணுக்கு வர்ற வருஷம் காலேஜ்" என்றார். எனக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததுதான் அவருக்குச் சரி. இந்தத் தடவை யார் முகத்தையும் பார்த்து விற்கவில்லை. விஷயத்தைப் பார்த்து விற்றார்.

விலை விழுந்ததை நானும் பார்த்தேன். இப்போது என் பூட்டும் திறந்துவிட்டது, விற்கலாம் என்று எனக்குத் தெரியும். விற்கவில்லை. உனக்காக இல்லை, ரொம்பப் பெருமைப்படாதே. படித்துப் பார்த்து, யோசித்து, விற்கவில்லை.

போனைப் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாயே, ஏன்? வேலை இருக்கிறதா, போய்விட்டதா? இப்போது நான் மணியை அழுத்திக்கொண்டு நிற்கிறேன்.

அக்கா


நவம்பர் 27

அக்கா,

போனை எடுக்காததற்குக் காரணம், எனக்குப் பேசவே வாய் வரவில்லை. கடிதம் போன முதல் மூன்று நாளும் வந்த அழைப்புகள் அப்படி. நிறையப் பங்கு வைத்திருக்கிற ஒருவர் என்னைத் திட்டிய திட்டை மறுபடி சொன்னால் நீ என் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவுவாய். நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் குறைந்தது. திட்டியவரே மறுபடி கூப்பிட்டார். "சரி, ஒண்ணாம் தேதி என்ன எழுதறீங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நேற்று முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இருந்த என் சொந்தச் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். அவர் பையைப் பார்த்தார். "எங்க கிளம்பிட்ட? ஒண்ணாம் தேதிக் கடிதம் எங்க?" என்றார்.

பையோடு திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது, வலி வடியவில்லை. தயவுசெய்து 'வலிக்காது' என்று மட்டும் சொல்லாதே.

தம்பி


டிசம்பர் 9

அமுக்குணிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? நாற்காலியின் கைப்பிடியில் உன் நகம் பதிந்திருக்கிறது. "வலிக்கும். ஊசி போடறப்ப கொஞ்சம், அப்புறம் இல்ல. நடுவுல தாங்கலன்னா கைய தூக்கு, நிறுத்தறேன்" என்று உன்னிடம் சொன்னதை இப்போது எல்லோரிடமும் சொல்லிப் பார்க்கிறேன். ஒருவர் எழுந்து ஓடிவிட்டார். மற்றவர்கள் முன்பைவிட அமைதியாக இருக்கிறார்கள்.

உங்கள் ஒன்றாம் தேதிக் கடிதம் வந்தது. 'நின்ற கட்டடங்களில் எதுவும் இந்த மாதம் வேலையைத் தொடங்கவில்லை. புதிதாக எதுவும் நிற்கவும் இல்லை. வேறு சொல்ல ஒன்றும் இல்லை. ஜனவரி முதல் தேதி மறுபடி எழுதுவோம்.' நான்கே வரி. க்ளினிக் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாத்தியார் அதன் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரே ஒரு மனக்குறை. ஜனவரி வந்தால் மறுபடி உனக்கு வாய்ப்பூட்டு. ஊர் பேர் தெரியாத அத்தனை பேருக்கும் மாதம் தவறாமல் எழுதப் போகிறாய். அக்காவுக்கு மட்டும் மறுபடி 'போன் செய்யாதே, நலம்' என்று ஒரு வரி வரும். நான் மறுபடி உன் அடித்தல் திருத்தல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அதுதான் தாங்காது. விலை ஏறட்டும், இறங்கட்டும். நீ இருக்கிறாயா என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

அக்கா


ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றாம் தேதி முதல் வாய்ப்பூட்டு. கம்பெனியைப் பற்றி எல்லோருக்கும் எழுதியதுதான் உனக்கும். அதற்கு மேல் எனக்கு இன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

பல் வலி இல்லை. சாப்பிட்டுவிட்டேன். செம்பருத்தியை விசாரிக்கவில்லை, கவனித்தாயா?

நீ மணி அடிக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே எழுதுவேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எழுதுவேன். சொல்ல ஒன்றும் இருக்காது.

நான் இங்கேதான் இருக்கிறேன்.

தம்பி